பச்சைமலையின் நிலத்தோற்ற வரைபடங்கள்: அளவை வரலாறும் சான்று மதிப்பும் – குரும்பலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூருக்கு மேற்கே அமைந்துள்ள பச்சைமலை, கடந்த இரு நூற்றாண்டுகளில் வெவ்வேறு நோக்கங்களுக்காக வெவ்வேறு அளவுத்திட்டங்களில் வரைபடமாக்கப்பட்டுள்ளது. கால் அங்குல இந்திய நிலப்படத் தொகுதி, சமஉயரக் கோடுகள் கொண்ட ஓரங்குலத் தாள்கள், 1:50,000 மெட்ரிக் தாள்கள் ஆகிய மூன்று கட்டங்களையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மலையின் எக்கூறுகள் பதிவாயின, எவை விடுபட்டன என்பதும், வன உரிமைக் கோரிக்கைகளில் இவ்வரைபடங்களை எவ்வாறு சான்றாகக் கொள்ளலாம் என்பதும் ஆராயப்படுகின்றன. வரைபடத்தில் ஓர் ஊர் இல்லாமை நிலத்தில் அவ்வூர் இல்லாமைக்குச் சான்றாகாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பச்சைமலை, குரும்பலூர், நிலத்தோற்ற வரைபடம், முக்கோண அளவை, மலைநாடு, காப்புக்காடு, வன உரிமை.

முன்னுரை

தமிழக வட்டார வரலாற்றாய்வில் கல்வெட்டு, செப்பேடு, ஓலை, வருவாய் ஆவணம் ஆகியவை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்கள் பெரும்பாலும் ஆய்வேட்டின் முன்பக்கத்தில் 'ஆய்வுக்களம்' என்னும் தலைப்பின்கீழ் இணைக்கப்படுவதோடு அவற்றின் பணி முடிந்துவிடுகிறது. கல்வெட்டொன்றைப் பயன்படுத்துவோர் அதன் காலம், பொறித்தவர், நோக்கம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே அதிலிருந்து செய்தி எடுக்கின்றனர். வரைபடத்திற்கும் இத்தகைய மூலத்திறனாய்வு தேவை. மலைப்பகுதிகளுக்கு இத்தேவை மேலும் மிகுதி. சமவெளி ஊர்களுக்கு வருவாய்த்துறையின் கிராம வரைபடமும் புலப்படமும் இருப்பதால் ஒன்றன் பிழையை மற்றொன்றால் திருத்திக்கொள்ளலாம். மலையூர்களுக்கோ பல இடங்களில் நிலத்தோற்ற வரைபடமே பழைமையான தொடர்ச்சியுள்ள படச்சான்றாக எஞ்சுகிறது.

ஆய்வுக்களம்

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 11 பாகை 9 நிமிடம் முதல் 11 பாகை 27 நிமிடம் வரையிலும், கிழக்கு நெட்டாங்கு 78 பாகை 28 நிமிடம் முதல் 78 பாகை 49 நிமிடம் வரையிலும் பரவியுள்ளது. 500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இம்மலைப்பரப்பு இன்று திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் மலையின் தெற்கும் கிழக்கும் ஒரே மாவட்டத்தில் இருந்தன.

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த குரும்பலூர், மலையின் கிழக்குச் சரிவை நோக்கிய சமவெளிப் பேரூர். அதனை அடுத்து மலையடிவாரத்தில் இலாடபுரமும் மயிலூற்று அருவியும் உள்ளன. மலையில் பிறக்கும் ஓடைகள் இச்சமவெளியின் ஏரிகளுக்கு நீர் தருகின்றன. மருதையாறும் இம்மலையில் தோன்றிக் கொள்ளிடத்தில் சேர்கிறது. ஆகவே குரும்பலூர் வட்டாரத்தின் வேளாண் வரலாற்றை மலையின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

மலைமேல் வாழும் மலையாளி மக்கள் தம் வாழிடத்தை 'நாடு' எனப் பகுத்து வழங்குகின்றனர். வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை, ஆத்திநாடு ஆகியவை அப்பகுப்புகள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இம்மக்களிடையே வழங்கும் வாய்மொழி மரபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் நாடு என்னும் பகுப்பை எ. சுப்பராயலு 1973இல் வெளியான தமது ஆய்வில், கல்வெட்டு ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி வரைபடமாக்கினார். சமவெளியில் அம்முறை பயன்தந்ததற்கு ஊர்கள் தொடர்ச்சியாக வரைபடங்களில் இடம்பெற்றிருந்தமையே அடிப்படை. மலைநாடுகளுக்கு அத்தகைய அடிப்படை உண்டா என்பது தனியே ஆராயத்தக்க வினா.

நடந்து காட்டிய எல்லையும் நோக்கி அளந்த எல்லையும்

தமிழகத்தில் நில எல்லையைப் பதிவு செய்யும் மரபு ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. திருவாலங்காட்டுச் செப்பேடும் கரந்தைச் செப்பேடும் கொடையளிக்கப்பட்ட நிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி எல்லை குறித்த செய்தியை விரிவாகத் தருகின்றன. எல்லையில் கல் நடப்பட்டது, கள்ளிச்செடி வைக்கப்பட்டது. ஓடை, ஏரிக்கரை, வழி, மரம், அண்டை ஊரின் நிலம் ஆகியவை திசை வாரியாகச் சொல்லப்பட்டன. இம்முறையில் எல்லை என்பது அவ்வூர் அறிந்தோர் முன்னிலையில் நடந்து உறுதி செய்யப்பட்ட ஒன்று.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருநாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அடுத்த ஆண்டே, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். இரு முனைகளுக்கிடையேயான தொலைவை நேரில் அளந்து, அம்முனைகளிலிருந்து மூன்றாம் புள்ளி தெரியும் கோணங்களைக் கணித்தால், அப்புள்ளிக்குச் செல்லாமலேயே அதன் இடத்தை நிறுவலாம் என்பது இதன் அடிப்படை. அவர் பயன்படுத்திய பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. குன்றில்லாத காவிரிப் படுகையில் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் இக்கருவியை மேலேற்றும்போது கயிறு அறுந்து அது சேதமுற்றதும், லாம்ப்டன் தாமே அதனைச் சீரமைத்ததும் நன்கறியப்பட்டவை.

இம்முறையில் மலைச்சிகரத்தின் பணி வேறாயிற்று. அளவையாளருக்குச் சிகரம் பல திசைகளிலிருந்தும் தெரியும் ஒரு புள்ளி. அதன் சரிவில் வாழ்வோர், பயிர், வழி ஆகியவை அப்புள்ளியின் கணக்குக்குத் தேவைப்படவில்லை. செப்பேட்டு மரபில் எல்லையை அறிந்தவர் அங்கு வாழ்பவர்; முக்கோண அளவையில் இடத்தை அறிந்தவர் தொலைவிலிருந்து நோக்குபவர். மலை வரைபடங்களில் நேர்ந்த விடுபடல்களை இவ்வேறுபாட்டின் ஒளியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதற்கட்டம்: கால் அங்குலப் படம்

முக்கோண அளவை புள்ளிகளை மட்டுமே தந்தது. அப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தை நிரப்பும் பணியில் 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட அளவைப்பள்ளியின் மாணவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். இவர்களுள் பலர் சென்னை ஆண்கள் அநாதை இல்லத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்கள். இப்பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. மாவட்ட அளவைகளைத் தொகுத்து, நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவுத்திட்டத்தில் 'இந்திய நிலப்படத் தொகுதி' உருவாக்கப்பட்டது. அதன் முதல் தாள்கள் 1827இல் இலண்டனில் செதுக்கி அச்சிடப்பட்டன.

இத்தாள்களில் மலை உயரம் எண்ணாலோ சமஉயரக் கோட்டாலோ காட்டப்படவில்லை. சரிவு செல்லும் திசையில் நெருக்கமாக இழுக்கப்பட்ட குறுங்கோடுகள் மலையின் வடிவைக் காட்டின. சரிவு மிகுந்த இடம் கறுத்தும், தட்டையான மேற்பரப்பு வெளுத்தும் தோன்றும். மேட்டுநிலமாக விரிந்த பச்சைமலைக்கு இம்முறை ஓர் இடர் விளைத்தது. மக்கள் வாழும் மேற்பரப்பு வெளுப்பாகவும், மக்கள் வாழாத செங்குத்துச் சரிவு அழுத்தமாகவும் அமைய, வாசகர் கண்ணுக்கு மலை என்பது சமவெளியைத் தடுக்கும் சுவராகத் தெரிந்தது.

அளவுத்திட்டத்தின் விளைவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கால் அங்குலப் படத்தில் ஒரு சதுர அங்குலம் ஏறத்தாழ 41.4 சதுர கிலோமீட்டரைக் குறிக்கும். மலைப்பரப்பை 500 சதுர கிலோமீட்டர் எனக் கொண்டால், முழு மலைக்கும் கிடைத்த இடம் 12 சதுர அங்குலமே; அதாவது ஓர் உள்ளங்கை அளவு. 200 மீட்டர் அகலமுள்ள ஒரு மலையூர் அதில் 0.8 மில்லிமீட்டராகச் சுருங்கும். பெயரெழுத இடமின்மை காரணமாகவே பல ஊர்கள் விடுபட்டிருக்கக் கூடும். இத்தகைய விடுபடலை அங்கு மக்கள் வாழவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது.

மற்றொரு நுட்பமான சிக்கல் நெட்டாங்கு பற்றியது. பழைய இந்திய வரைபடங்களின் நெட்டாங்குகள் சென்னை வானாய்வகத்தின் நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டவை. அம்மதிப்பில் ஏறத்தாழ 2 நிமிடம் 27 விநாடி திருத்தம் தேவை என்பது பின்னர் கண்டறியப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அத்திருத்தம் ஏற்கப்பட்டது. பச்சைமலையின் அகலாங்கில் இது ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் தொலைவுக்குச் சமம். இத்திருத்தமின்றிப் பழைய தாளைக் கணினியில் இன்றைய படத்தின்மேல் பொருத்தினால், மலையடிவாரத்து ஊர் மலைமேலோ மலையூர் சமவெளியிலோ விழும்.

இரண்டாம் கட்டம்: ஓரங்குலத் தாளும் காப்புக்காட்டு எல்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்று வகையான அரசுத் தேவைகள் இவ்வட்டாரத்தை மீண்டும் அளக்கச் செய்தன. முதலாவது நிலவரி. 1858இல் தொடங்கிய சென்னை மாகாண வருவாய் அளவை, ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்னும் அளவுத்திட்டத்தில் கிராம வரைபடங்களைத் தந்தது. கால் அங்குலப் படத்தில் 0.8 மில்லிமீட்டராக இருந்த ஊர் இதில் 5 சென்டிமீட்டராக விரிந்தது. இரண்டாவது நிலவியல். புளான்போர்டு 1862இலும், கிங், புரூஸ் ஃபூட் ஆகியோர் 1864இலும் திருச்சிராப்பள்ளி வட்டாரப் பாறையமைப்பு குறித்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வாயிலாக எழுதினர். மூன்றாவது காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை அறிவிக்க வழிவகுத்தது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவு அரசின் கருத்தை அறிவிப்பது. பதினாறாம் பிரிவு காப்புக்காடாக உறுதி செய்வது. இடையில் உரிமை கோருவோர் தம் கோரிக்கையை வனத் தீர்வு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும்.

இந்திய அளவைக் குழுவின் 1905ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் பல்வண்ணத் தாள்கள் நாடு முழுவதற்கும் திட்டமிடப்பட்டன. உயரம் சமஉயரக் கோடுகளால் காட்டப்பட்டது. முன்பு 12 சதுர அங்குலம் பெற்ற பச்சைமலை இப்போது 193 சதுர அங்குலம் பெற்றது. மேட்டுநிலம், பள்ளத்தாக்கு, ஓடை, ஒற்றையடிப் பாதை, பொதிமாட்டு வழி ஆகியவை தனித்தனிக் குறியீடுகளோடு இடம்பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. நிலையான குடிசைக்கும் தற்காலிகக் குடிசைக்கும் வெவ்வேறு குறியீடுகள் வகுக்கப்பட்டன.

தாள் எண் முறையும் கவனத்திற்குரியது. நான்கு பாகை அகலமுள்ள 58ஆம் எண் கட்டத்தின் ஒன்பதாம் பாகைத்தாள் (58 ஐ) இவ்வட்டாரத்தை உள்ளடக்கும். அது 15 நிமிடக் கட்டங்களாகப் பதினாறு தாள்களாகப் பிரியும். 11 பாகை 15 நிமிட அகலாங்கும் 78 பாகை 45 நிமிட நெட்டாங்கும் குரும்பலூருக்கு மேற்கே சந்திக்கின்றன. ஆகவே மலையின் பெரும்பகுதி 11, 12, 15, 16 என்னும் நான்கு தாள்களில் சிதறுகிறது. ஒரு தாளை மட்டும் பார்க்கும் அலுவலருக்கோ ஆய்வாளருக்கோ மலை முழுமையாகத் தெரிவதில்லை. ஒரு நாட்டின் ஊர்கள் இரண்டு தாள்களில் பிரிந்தால் அவற்றுக்கிடையேயான வழித்தொடர்பும் கண்ணில் படாமற்போகும். மாவட்ட எல்லையும் மலையைப் பிளப்பதால், ஆவணக் காப்பகத்தில் திருச்சிராப்பள்ளிக் கோப்புகளை மட்டும் தேடுவோர்க்கு ஆத்திநாட்டின் செய்திகள் கிட்டாமற் போகலாம்.

இத்தாள்களின் பெரிய விடுபடல் நாட்டெல்லையே. காப்புக்காட்டு எல்லை புள்ளிக்கோடாக இடம்பெற்றது; மாவட்ட எல்லையும் வட்ட எல்லையும் இடம்பெற்றன. வண்ணாடு எங்கு முடிந்து தென்புறநாடு எங்குத் தொடங்குகிறது என்பதற்கான கோடு எதுவும் குறியீட்டுப் பட்டியலில் இல்லை. அதேபோல், ஏர் செல்லாத சரிவில் மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் 'கொத்துக்காடு' எனும் நிலவகைக்கும் தனிக்குறியீடு இல்லை. சாமையும் தினையும் விளைந்து, பின் சில ஆண்டுகள் ஓய்வில் விடப்பட்ட நிலம், அளவையாளர் வந்த பருவத்தைப் பொறுத்துப் புதர்க்காடாகவே பதிவாகியிருக்க இயலும். அரசு அறிந்த வகைப்பாட்டில் இடம்பெறாத நிலம், வரைபடத்தில் அவ்வகைப்பாட்டின் ஏதேனும் ஒன்றுக்குள் அடக்கப்பட்டது.

மூன்றாம் கட்டம்: மெட்ரிக் தாள்கள்

1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஓரங்குலத் தாளின் இடத்தை 1:50,000 தாள் பெற்றது. வான்வழி ஒளிப்படங்கள் அளவைக்குப் பயன்பட்டன. அடர்ந்த மரநிழலில் அமைந்த வீடும் வழியும் ஒளிப்படத்தில் மறையும் என்பதால், களச் சரிபார்ப்பின் தரத்தைப் பொறுத்தே தாளின் நம்பகத்தன்மை அமைந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கும் பொதுமக்களுக்கும் தனித்தனி வரைபட வரிசைகளை வகுத்தது. 2017 முதல் பொது வரிசைத் தாள்களை இணையவழிப் பெறும் வசதியும் ஏற்பட்டது. பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. புதிய பொது வரிசை உலகப் பொதுக் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரண்டையும் மாற்றுக்கணக்கின்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வயலின் எல்லை காட்டுக்குள் நகர்ந்து விழும்.

வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள்

தாள்களின் பெயர்கள் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டன. அவ்வெழுத்து முறையில் ரகர றகர வேறுபாடு காட்டப்படுவதில்லை. பகரம் ஒலிக்குமிடத்திற்கேற்ப வேறெழுத்தைப் பெறும். இன்று அரசுப் பதிவில் 'தென்புறநாடு' எனவும் வழக்கில் 'தென்பரநாடு' எனவும் இருவகையாக ஒரே நாடு குறிக்கப்படுகிறது. 'புறம்' என்னும் சொல்லைக் கொண்டு திசைப்பொருள் கூறுவது எளிது. ஆயினும் உரோமன் வடிவிலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது இவ்விரு வடிவங்களுள் எது முந்தியது என்று தீர்மானிக்க வரைபடம் உதவாது. குரும்பலூர் என்னும் பெயருக்கும் இது பொருந்தும். குரும்பை, குறும்பர் ஆகிய இருசொற்களையும் கொண்டு பெயர்க்காரணம் கூற இயலும். அத்தகைய விளக்கத்திற்குத் தமிழ் எழுத்திலான கல்வெட்டோ வருவாய்ப் பதிவோ சான்றாக வேண்டும். நிலத்தோற்ற வரைபடம் ஊரின் இருப்பிடத்திற்கு மட்டுமே சான்று.

'டாப் செங்காட்டுப்பட்டி' என்னும் மலையூர்ப் பெயரும் இங்குக் கருதத்தக்கது. அடிவாரத்துச் செங்காட்டுப்பட்டியிலிருந்து இதனைப் பிரித்தறிய முன்னொட்டு அமைந்துள்ளது. தமிழில் மேல், கீழ் என்னும் அடைகள் ஊர்ப்பெயர்களில் மிகப்பழைய வழக்காக இருந்தும், இங்கு ஆங்கிலச் சொல் நிலைபெற்றுள்ளது. சமவெளி நிருவாகத்தின் மொழி மலையூரின் பெயருக்குள் புகுந்தமைக்கு இது வெளிப்படையான எடுத்துக்காட்டு.

சான்று மதிப்பு

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வரைபடங்களுக்குப் புதிய முதன்மை அளித்துள்ளது. அதன் விதிகள் 2008 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 13ஆம் விதி, உரிமைக்குரிய சான்றுகளுள் மாவட்ட விவரச்சுவடி, மக்கள்தொகைக் கணக்கு, அளவை மற்றும் தீர்வு அறிக்கை, வரைபடம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கருத வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. செயற்கைக்கோள் படம் போன்ற தொழில்நுட்பம் பிற சான்றுகளுக்குத் துணையாக வேண்டுமேயன்றி அவற்றை நீக்குவதற்குப் பயன்படக் கூடாது என 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. பழங்குடியினர்க்கு 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முந்தைய குடியிருப்பும், பிற மரபுவழி வனவாசிகளுக்கு அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்வும் காட்டப்பட வேண்டும். 75 ஆண்டு என்பது 1930க்குச் செல்கிறது. ஓரங்குலத் தாள்களின் காலத்தோடு அது நெருங்குவதால், அத்தாள்கள் வரலாற்றாய்வாளரின் மேசையிலிருந்து கிராம சபையின் முன் வருகின்றன.

இந்நிலையில் தாளைப் படிப்போர் பின்வருவனவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். முதலாவதாக, தாளின் ஓரக்குறிப்பில் அளவை நடந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறு வேறாக இருக்கும்; சான்றின் காலம் அளவை ஆண்டே. இரண்டாவதாக, மறுபதிப்பில் சாலையும் எல்லையும் மட்டும் திருத்தப்பட்டு ஊர்கள் பழைய நிலையிலேயே விடப்பட்டிருக்கக் கூடும். மூன்றாவதாக, அளவுத்திட்டம் காட்டக்கூடிய மிகச்சிறு குடியிருப்பு எது என்று கணக்கிட வேண்டும். நான்காவதாக, 'காடு' என்னும் வண்ணம் நிலத்தின் மரச்செறிவைக் காட்டுகிறதா, சட்டநிலையைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். ஐந்தாவதாக, லூயிஸ் மூர் 1878இல் வெளியிட்ட மாவட்டக் கையேடு, ஹெமிங்வே 1907இல் வெளியிட்ட விவரச்சுவடி ஆகியவற்றோடும், மலைமக்கள் நடந்து காட்டும் எல்லையோடும் தாளை ஒப்பிட வேண்டும்.

இவற்றிலிருந்து ஒரு பொதுநெறி கிடைக்கிறது. வரைபடத்தில் ஓர் ஊரோ வழியோ பதிவாகியிருப்பின், அளவை ஆண்டில் அது இருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. பதிவாகாமை அவ்வளவு வலுவான எதிர்ச்சான்று அன்று. கல்வெட்டில் ஓர் ஊர்ப்பெயர் வராததால் அவ்வூர் அக்காலத்தில் இல்லை என்று ஆய்வாளர் எவரும் முடிவு கட்டுவதில்லை. அதே எச்சரிக்கை வரைபடத்திற்கும் உரியது. இங்கு முடிவு தவறினால் இழப்பு ஆய்வேட்டோடு நிற்பதில்லை. அது ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தொடுகிறது.

முடிவுரை

பச்சைமலையின் மூன்று கட்ட வரைபடங்களும் துல்லியத்தில் படிப்படியாக உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் துல்லியம் வளர்ந்த அதே அளவில் மலைமக்களின் நிலப்பகுப்பு பதிவாகவில்லை. உயரம் அடிக்கணக்கில் அறியப்பட்ட பின்பும் நாட்டெல்லை கோடாகவில்லை. கால் அங்குலப் படத்தின் விடுபடலுக்கு இடமின்மையைக் காரணமாகக் கூறலாம். ஓரங்குலத் தாளின் விடுபடலுக்கு வகைப்பாடே காரணம்.

இதனை ஈடுசெய்யும் பணி குரும்பலூர், துறையூர், ஆத்தூர் ஆகிய மூன்று அடிவாரப் பக்கங்களிலிருந்தும் தொடங்கப்பட வேண்டும். சென்னை ஆவணக் காப்பகத்தின் வன அறிவிக்கைகள், நான்கு தாள்களின் அனைத்துப் பதிப்புகள், மலைநாட்டு முதியோர் சொல்லும் ஓடை, பாறை, கோயில், வழிப்பெயர்கள் ஆகியவற்றை ஒரே படத்தில் திருத்தக்கணக்கோடு இணைத்தால் மலைநாட்டு எல்லைகளை மீட்டமைக்க இயலும். எல்லையை நடந்து காட்டக்கூடிய தலைமுறை இன்னும் மலையில் வாழ்கிறது. தாள்கள் காப்பகத்தில் காத்திருக்கும். அத்தலைமுறையின் நினைவு காத்திருக்காது. எனவே களப்பணி முதலிலும் காப்பகப்பணி அதனை அடுத்தும் அமைதல் நன்று.